ரொட்டியடுப்பு வேண்டாப் பலகாரம்

பலகாரம் என்றவுடன் நம்மவர் உள்ளத்தில் எண்ணெய்ச் சட்டியும் இட்டலிக் கொப்பரையும் தோன்றும். கேக்கு என்றவுடன் ரொட்டிக் கடையின் பேரடுப்புத் தோன்றும். நம் இல்லங்களிற் பெரும்பாலானவற்றில் அவ்வடுப்பு இல்லை. கிறிஸ்துமஸ் நெருங்குங்கால் மாவும் முட்டையும் வீட்டிற் கலந்து, தட்டில் ஊற்றி, அண்மையிலுள்ள ரொட்டிக் கடைக்கு அனுப்பிச் சுட்டு வாங்கும் வழக்கம் நம் ஊர்கள் பலவற்றில் இருந்ததுண்டு. இதனால், மேனாட்டு இனிப்பு வகைகள் யாவும் கடையில் வாங்கற்குரியனவேயன்றி வீட்டிற் செய்தற்குரியன அல்ல என்னும் எண்ணம் நம்மிடை வேரூன்றியுள்ளது. இவ்வெண்ணம் பொருந்தாதென்பதும், அதனைப் போக்குதற்கேற்ற எளிய பலகாரம் ஒன்று உண்டென்பதும், அதனைக் கற்கவேண்டியவர் மகளிர் மட்டுமல்லர் என்பதும் யாம் ஈண்டு நிறுவப் புகும் கருத்துக்களாம்.

அப்பலகாரம் சாக்லேட் பிஸ்கோத்துத் துண்டம் ஆகும். உருக்கிய சாக்லேட்டிலும் வெண்ணெயிலும் நொறுக்கிய பிஸ்கோத்தைப் பிசறி, தட்டில் அழுத்தி, குளிரவைத்துத் துண்டுபோடுவதே அதன் செய்கை முழுவதும். இதனை ஆஸ்திரேலியர் முள்ளெலி என்னும் பொருள்படும் பெயரால் வழங்குவர். ஜெர்மானியர் பிஸ்கோத்துக்களை நொறுக்காது அடுக்கடுக்காக வைத்துச் செய்து, அதற்குக் 'குளிர்ந்த நாய்' என்று பெயரிட்டனர். அவர்கள் அதிற் சேர்க்கும் கொழுப்பு, நமக்கு நன்கு பழகிய தேங்காயினின்று எடுத்ததே. இத்தாலியரும் போர்த்துக்கேசியரும் இக்கலவையை உருளையாகச் சுருட்டி வட்ட வட்டமாக அரிவர். ஸ்காட்லாந்தினர் இதனை டிபன் என்பர். இந்தியாவில் ஆங்கிலேயர் வாய்ப்பட்டுச் சிற்றுண்டியைக் குறித்த அச்சொல், சென்னையில் இட்டலி தோசையையும், ஸ்காட்லாந்தில் சாக்லேட் துண்டத்தையும் குறித்து நிற்பது சொல்லாராய்ச்சியிற் புகும் மாணவர்க்கு இனிய செய்தியன்றோ!

எளியோர் பலகாரம் என இதனை இகழ்வார்க்கு ஒன்று கூறுவோம். 2011-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் நாள் இலண்டனில் நிகழ்ந்த இளவரசர் வில்லியத்தின் திருமணத்தில், வழக்கமான பழக்கேக்கு ஒருபுறமிருக்க, மணமகன் தாமே விரும்பிக் கேட்டது இச்சாக்லேட் பிஸ்கோத்துக் கேக்கேயாம். அரண்மனையில் பேரடுப்புக்களுக்குக் குறைவில்லை. ஆகவே, அடுப்பேறாமை வறுமையின் அடையாளமன்று. அஃது ஒரு தனி முறை.

'சுடாமலும் வேகவைக்காமலும் செய்வது சமையலாகுமா?' என வினவுவாரும் உளர். அவர் நம் பாட்டிமார் செய்யும் பொரியுருண்டையையும் எள்ளுருண்டையையும் கடலையுருண்டையையும் நினைவுகூர்தல் வேண்டும். எள்ளும் கடலையும் முன்னரே வறுபட்டவை. பொரி முன்னரே பொரிந்தது. அவற்றை ஒன்றாகப் பிணிப்பது வெல்லப்பாகு. பாகினைச் சிறிது தண்ணீரில் விட்டு, உருட்டி, தட்டிற் போட்டு ஓசை கேட்டுப் பதம் அறிவது எவ்வளவு நுண்ணிய கலை! சாக்லேட் துண்டத்திலும் இதுவே நிகழ்கின்றது. பிஸ்கோத்து முன்னரே வெந்தது. அதனைப் பிணிப்பது சாக்லேட். வேறுபாடு ஒன்றே: வெல்லப்பாகு ஆறுங்கால் கண்ணாடிபோல் இறுகுகின்றது, சாக்லேட்டோ தன்னிடத்துள்ள கோக்கோ வெண்ணெய் மணிமணியாக உறைதலால் இறுகுகின்றது. கோக்கோக் கொட்டையினின்று அக்கொழுப்பைப் பிழிந்தெடுக்கும் முறைக்கு ஆலந்து நாட்டு வான் ஹூட்டன் குடும்பத்தார் 1828-இல் உரிமை பெற்றனர். பருகற்கு மட்டுமே பெரிதும் பயன்பட்ட கோக்கோ, 1847-இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரத்துப் பிரை நிறுவனத்தாரால் கடித்துண்ணும் பாளமாக வார்க்கப்பட்டது. பிழிந்த கொழுப்பை மீண்டும் சேர்த்தமையாலன்றோ அது வார்க்க வந்தது! அப்பாளம் இல்லையேல் நம் துண்டமும் இல்லை.

இனிச் செய்முறை கூறுவோம். மேரி பிஸ்கோத்து 250 கிராம், கறுப்புச் சாக்லேட் 200 கிராம், வெண்ணெய் 100 கிராம், இனிப்பூட்டிச் சுண்டவைத்த டப்பாப்பால் 200 கிராம், வறுத்த முந்திரியோ நிலக்கடலையோ 50 கிராம், உப்பு ஒரு சிட்டிகை ஆகியன போதும். பிஸ்கோத்தைப் புளியங்கொட்டை அளவினதாக ஒடித்துக்கொள்க; முற்றும் பொடியாக்கின் மென்மை ஒன்றே எஞ்சும், மொறுமொறுப்புத் தோன்றாது. ஒரு பாத்திரத்தில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்து, அதன்மேல் ஈரமற்ற கிண்ணமொன்றைத் தண்ணீரிற் படாதவாறு அமைக்க. அதில் வெண்ணெயையும் ஒடித்த சாக்லேட்டையும் இட்டு மெல்லக் கிளறின் இரண்டும் உருகி ஒன்றாகும். பின்னர்ப் பாலையும் உப்பையும் சேர்த்துக் கலக்கி, பிஸ்கோத்தின்மேலும் பருப்பின்மேலும் ஊற்றிப் பிசறுக. நெய்த்தாள் விரித்த 20 சென்டிமீட்டர்ச் சதுரத் தட்டிற் கொட்டி, கிண்ணத்தின் அடிப்புறத்தால் இடைவெளியின்றி அழுத்துக. குளிர்ப்பெட்டியில் நான்கு மணி நேரம் இருந்தபின், வெந்நீரில் தோய்த்துத் துடைத்த கத்தியால் குறுக்கும் நெடுக்கும் ஐந்து ஐந்தாக அரியின் 25 துண்டங்கள் கிடைக்கும்.

இச்செய்முறையில் இரண்டு இடங்கள் கருத்தூன்றற்குரியன. முதலாவது, ஈரம். உருகிய சாக்லேட் என்பது கோக்கோத் துகளும் சர்க்கரைத் துகளும் கொழுப்பில் மிதக்கும் கலவை. அதில் இரண்டு துளி நீர் விழினும் சர்க்கரைத் துகள்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ள, கலவை முழுதும் மணல்போல் திரண்டுவிடும். பால் சேர்க்குங்கால் அவ்வாறு நேராமை எதனால் என்று வினவலாம். சிறிது நீர் துகள்களை ஒட்டவைக்கும். மிகுதியான நீரோ சர்க்கரையைக் கரைத்துக் குழம்பாக்கிவிடும். அளவே ஈண்டு நன்மையையும் தீமையையும் வகுக்கின்றது. இரண்டாவது, முட்டை. மேனாட்டுப் பழைய செய்முறைகள் சிலவற்றிற் பச்சை முட்டை சேர்க்கக் கூறியிருத்தல் காணலாம். சுடாத பலகாரத்தில் அம்முட்டையிலுள்ள நோய்க்கிருமிகளைக் கொல்லும் வெப்பம் இல்லை. ஆதலின் அதனை அறவே விலக்குக. டப்பாப்பால் அதன் தொழிலை இனிதே செய்யும்.

'கடையில் எல்லாம் கிடைக்கும்போது இத்துணை முயற்சி எதற்கு?' என்பது அடுத்த தடை. வீட்டிற் செய்வோன் தான் உண்பது இன்னதென அறிவான் என்பதே எம் விடை. கடையில் சாக்லேட் என எண்ணி வாங்கும் பாளங்களுட் சில, கோக்கோ வெண்ணெய்க்கு மாற்றாகப் பிற தாவரக் கொழுப்புச் சேர்த்தவை; உறையின் பின்புறத்துச் சிறிய எழுத்துக்களைப் படிப்பார்க்கே அவ்வேறுபாடு விளங்கும். ஒருமுறை தன் கையால் உருக்கிப் பார்த்தவன் அவ்வெழுத்துக்களைப் படிக்கப் பழகுவான். சர்க்கரை எவ்வளவு, வெண்ணெய் எவ்வளவு எனத் தானே நிறுத்துப் போட்டவன், ஒரு துண்டத்தோடு நிறுத்தவும் கற்பான். கடைத்துண்டத்தில் நாவு சுவையை மட்டும் அறிகின்றது. வீட்டுத்துண்டத்தில் கண்ணும் கையும் அளவையும் அறிகின்றன.

இப்பலகாரத்திற்குக் குறையே இல்லை என யாம் கூறவில்லை. கோக்கோ வெண்ணெய் ஏறத்தாழ 34 பாகைச் செல்சியஸ் வெப்பத்தில் உருகுவது. நம் சித்திரை வைகாசி வெயிலில், குளிர்ப்பெட்டியினின்று எடுத்த துண்டம் விருந்தினர் கைக்குச் செல்லுமுன் தன் உருவை இழக்கத் தொடங்கும். ஊருக்கு எடுத்துச் செல்லவும் இஃது ஏற்றதன்று. அத்தகைய வேளைகளில், 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவிற்பட்டிக் கடலைமிட்டாய்க்கு நிகரானது வேறில்லை. மார்கழி தை மாதங்களோ இதற்குரிய காலம். ஒன்றைக் கற்பதற்காக மற்றொன்றைக் கைவிடவேண்டுவதில்லை. பாகின் பதமும் சாக்லேட்டின் பதமும் அறிந்த கை இரட்டைச் செல்வமுடையது.

இறுதியாக, எம் நோக்கத்தின் உயிர்நிலைக்கு வருவோம். 2019-இல் நம் நாட்டுத் தேசியப் புள்ளியியல் அலுவலகம் காலப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு ஒன்றை நடத்தியது. ஆறு வயதும் அதற்கு மேலும் உடையாருள், தம் வீட்டார்க்காக ஊதியமின்றி வீட்டுப்பணியில் ஒரு நாளில் ஈடுபட்டோர் பெண்களில் 81.2 விழுக்காட்டினர், ஆண்களில் 26.1 விழுக்காட்டினரே. அவ்வாறு ஈடுபட்டோருள்ளும் பெண்கள் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடமும், ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டனர். சமத்துவம் பற்றிச் சொற்போர் மன்றங்களில் முழங்கும் மாணவராகிய நாம், இவ்வெண்களைக் கண்டு சிறிது நாணுதல் தகும். மன்றத்திற் கூறும் கொள்கைக்கு முதற் சோதனைக்களம் நம் வீட்டு அடுக்களையே.

'அன்றாடச் சோறும் குழம்பும் ஆக்கும் சுமை அப்படியே இருக்க, மகன் ஒரு நாள் சாக்லேட் துண்டம் செய்தலால் அன்னைக்கு என்ன பயன்?' என்று கேட்பின், அக்கேள்வி நேர்மையானதே. விழா நாளில் இனிப்புச் செய்து புகழ் பெறுபவன் ஒருவன், அவன் அழுக்காக்கிய பாத்திரங்களைத் துலக்குபவர் மற்றொருவர் என்னும் நிலை ஏற்படின், அவன் சுமையைக் குறைத்தவனல்லன், கூட்டியவனே. ஆகவே எம் செய்முறையில் இறுதிப் படி ஒன்று உண்டு; கிண்ணமும் கரண்டியும் கத்தியும் கழுவி, துடைத்து, இருந்த இடத்தில் வைத்த பின்னரே அப்பலகாரம் முற்றுப்பெற்றதாகும். உறைந்த கொழுப்பு வெந்நீரின்றிப் போகாதென்பதையும், அடுக்களையில் உழைப்பின் பாதி, உண்டபின்னரே தொடங்குகின்றதென்பதையும் அவன் அப்போதுதான் அறிவான்.

எனினும், கற்போனுக்கு முதற்பாடம் எளிதாயிருத்தல் நன்று. எண்ணெய் கொதிக்கும் சட்டியின் முன் பழகாதவனை நிறுத்துதல் இடர்; சோறு குழையாமல் வடித்தற்கும் பழக்கம் வேண்டும். இத்துண்டத்திலோ நெருப்பின் தொழில் சிறிது; நிறுத்தலும், கலத்தலும், பொறுத்தலுமே பெரிது. தம்பியும் தங்கையும் பிஸ்கோத்து ஒடிக்கலாம். தாத்தா பருப்பை உடைக்கலாம். தந்தையார் கிண்ணத்தைக் கிளறலாம். அன்னையார் ஒரு நாளேனும் அமர்ந்து மேற்பார்வை செய்யலாம். இதனைச் செய்து தேறிய கை, அடுத்த திங்கள் கடலைப்பாகு காய்ச்சத் துணியும். அதற்கடுத்து ஒரு நாள் இரசம் கூட்டும். பின்னர் வாரத்தில் இரு நாள் சமையலை ஏற்கும். அகரம் எழுதுவோன் காவியம் எழுதுவான் என்பதற்கு உறுதியில்லை. ஆனால் அகரம் எழுதாதவன் எழுதமாட்டான் என்பது உறுதி.

தோழர்காள்! வரும் விடுமுறையில் நம் இல்லங்களுக்குச் செல்லுங்கால் நூற்கட்டோடு ஒரு பாளம் சாக்லேட்டும் இரண்டு பொட்டலம் பிஸ்கோத்தும் கொண்டு செல்வோம். ரொட்டியடுப்பு இல்லையே என்று இனி ஒரு வீடும் ஏங்கவேண்டுவதில்லை. ஒரு கிண்ணம், ஒரு கரண்டி, நான்கு மணி நேரப் பொறுமை, பாத்திரம் கழுவ நாணாத இரு கைகள் ஆகிய இவை போதும். இருபத்தைந்து துண்டங்களுள் முதற்றுண்டத்தை, இத்தனை ஆண்டு நமக்கு ஆக்கிப் படைத்தவர் கையிற் கொடுப்போம். அவர் உண்டு முடிக்கும்வரை அடுக்களையை நாமே பார்த்துக்கொள்வோம்.