பேச்சு நம்முடையது, பென்சில் அவர்களுடையதா?

சேவூரில் பட்டுத்தறிக் கூலிப் பேச்சு ஒன்றுக்குப் போயிருந்தேன். முதலாளிகள் பக்கம் ஐந்து பேர். அவர்களில் ஒருவர் வாயே திறக்கவில்லை. குனிந்த தலை நிமிராமல் எழுதிக்கொண்டே இருந்தார். நம் பக்கம் பன்னிரண்டு பேர். எல்லோரும் பேசினோம், ஒருவரும் எழுதவில்லை. ஜரிகை விலை ஏறினாலும் கூலியில் பிடிக்கமாட்டோம் என்று அவர்கள் சொன்னதைப் பன்னிரண்டு பேரும் காதால் கேட்டோம். பத்து நாள் கழித்து வந்த நடவடிக்கைக் குறிப்பில் “பிடிக்காமலிருக்கப் பார்க்கலாம்” என்றிருந்தது. சண்டை போட்டோம். “உங்கள் குறிப்பைக் காட்டுங்கள்” என்றார்கள். காட்ட என்ன இருந்தது?

“எழுதுவதற்கு நாம் என்ன குமாஸ்தாக்களா?” என்று கேட்கும் தோழர்கள் இருக்கிறார்கள். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் 1908-இல் தூத்துக்குடி, திருநெல்வேலி மேடைகளில் முழங்கியதை ஆயிரமாயிரம் ஜனங்கள் கேட்டார்கள். ஆனால் ராஜத்துவேஷ வழக்கில் சாட்சியாக வந்தவை போலீசார் எடுத்த குறிப்புகள். வெள்ளை நீதிபதி பின்ஹே சிதம்பரனாருக்கு இரட்டை ஆயுள் தீவாந்திரமும் சிவாவுக்குப் பத்தாண்டும் விதித்தார். குமாஸ்தா வேலையை எதிரி ஒருநாளும் இளப்பமாக நினைத்ததில்லை!

“கைபேசியில் பதிந்துகொள்ளலாமே” என்பது புது வாதம். பதியுங்கள், உள்ளே விட்டால். கதவுக்கு வெளியே முதலில் வைக்கச் சொல்வது அதைத்தானே? விட்டாலும், மூன்று மணி நேரப் பேச்சை மறுபடி மூன்று மணி நேரம் கேட்கத் தறியை நிறுத்திவிட்டு யார் உட்காருவது?

ஐசக் பிட்மன் 1837-இல் ஒலிகளைக் கோடுகளாக்கிச் சுருக்கெழுத்து வகுத்தார். தேர்ந்தவர்கள் நிமிஷத்துக்கு 120 வார்த்தை எழுதுவார்கள். நம் கை முப்பதைத் தாண்டுவதே கஷ்டம். தமிழிலும் சுருக்கெழுத்து உண்டு, வாலிபர்கள் கற்கட்டும். ஆனால் கற்றவர் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 1919 ஏப்ரலில் லெனின், தம் பேச்சின் சுருக்கெழுத்துப் பிரதி ஒன்றுகூடத் திருப்தியாக அமைந்ததில்லை என்று குறைப்பட்டு, அவற்றை அச்சிடாமல் சாரத்தை மட்டும் வெளியிடும்படி தோழர்களைக் கேட்டுக்கொண்டார். வார்த்தைக்கு வார்த்தை ஓடுவதல்ல, விஷயத்தைப் பிடிப்பதே காரியம்.

நம் பாஷையில் ஒரு கண்ணி இருக்கிறது. இங்கிலீஷில் குறிப்பெடுத்துப் பழகியவர் வார்த்தையின் தலையை வைத்துக்கொண்டு வாலை வெட்டுவார். தமிழில் உயிரே வாலில்தான். தருவோம், தரலாம், தரமாட்டோம் — மூன்றையும் ‘தர’ என்று எழுதிவந்தால் கூலி போயிற்று! கூலிக்குக் ‘கூ’, ஜரிகைக்கு ‘ஜ’ போதும். வாக்கியத்தின் முடிவை மட்டும் முழுதாக எழுதுங்கள். தொகையும் தேதியும் எண்ணில் இருக்கட்டும். யார் சொன்னது என்பதற்குப் பெயரின் முதலெழுத்து. எழுந்திருக்குமுன் இரு தரப்பும் கேட்க உரக்கப் படியுங்கள். அன்றிரவே தெளிவாக எழுதிவிடுங்கள். என் கிறுக்கலை மறுநாள் நானே படிக்க முடியாமல் விழித்ததுண்டு. மில் கேட்டில் நடக்கும் பேச்சானாலும், நடவு கூலிக்காக மிராசுதார் திண்ணையில் நடப்பதானாலும் முறை இதுவே.

எழுத ஆளா இல்லை? தார் சுற்றும் பெண்கள் பால் கணக்கும் சீட்டுக் கணக்கும் பைசா பிசகாமல் எழுதி வைக்கிறார்கள். சேவூரில் அடுத்த பேச்சுக்குப் போகும் பன்னிரண்டு பேரில் அவர்கள் இருவர் இருக்கட்டும், கையில் நோட்டும் சீவிய பென்சிலுமாக. அவர்களைப் பேசச் சொல்லி யாரும் தொந்தரவு செய்ய வேண்டாம்.