எண்ணெய் வித்துக்கு எண்ணெயைப் பார்த்து விலை கொடுங்கள்

விதையில் சேரும் எண்ணெயை மண்ணும் மழையும் கூட்டிக் குறைக்கலாம். ஆனால் மேல்வரம்பு மரபணுக்களின் கையில்தான். இலையிலிருந்து வரும் சர்க்கரையைக் கொழுப்பு அமிலமாக்கும் வேலையை முடுக்கும் ‘ரிங்கிள்டு-1’ மரபணு பழுதானால், அராபிடாப்சிஸ் என்ற ஆய்வுச் செடியின் விதையில் எண்ணெய் சுமார் 80 சதவீதம் குறைகிறது. கொழுப்பு அமிலத்தை எண்ணெயாகக் கோக்கும் கடைசிப் படியில் ‘டிஜிஏடி’ நொதி நிற்கிறது. மக்காச்சோளத்தில் அந்த நொதியின் 469-ஆம் இடத்தில் பினைல்அலனின் என்ற ஒற்றை அமினோ அமிலம் இருந்தால் எண்ணெய் கூடுகிறது என்பது 2008-இல் தெரியவந்தது. கவனிக்க வேண்டியது, அது இருக்கும் வடிவமே பழையது. மனிதர் பொறுக்கி விதைத்து வந்த வழியில் எண்ணெய் குறைந்த வடிவம்தான் பெருகியிருக்கிறது. கேட்பாரற்ற குணம் வயலில் நிலைக்காது.

நம் நிலக்கடலைக்கும் அந்தக் கதிதான். ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் எடை, ஈரப்பதம், சாம்பிள் காயை உடைத்தால் தேறும் பருப்பு ஆகியவற்றைப் பார்த்து விலை வைக்கிறார்கள். பருப்பில் எண்ணெய் 45 சதவீதமோ 50 சதவீதமோ, விலை ஒன்றே. நூறு கிலோவுக்கு ஐந்து கிலோ எண்ணெய் ஆலைக்காரருக்கு இலவசம். செடிக்கோ அது இலவசமல்ல. ஒரு கிராம் எண்ணெயில் மாவுச்சத்தைப் போல இரு மடங்குக்கு மேல் ஆற்றல் அடங்கியிருக்கிறது. அமெரிக்காவின் இல்லினாயில் 1896-இல் தொடங்கிய தேர்வுச் சோதனை, 5 சதவீதத்தை ஒட்டியிருந்த மக்காச்சோள எண்ணெயை நூறு தலைமுறையில் 20 சதவீதத்துக்கு மேல் உயர்த்தியது; மகசூல் சரிந்தது. எடைக்கு மட்டும் காசு என்றால் எந்த விவசாயி அந்த விதையை நாடுவார்? ஆகவே எண்ணெய் அளவுக்கேற்ற கூடுதல் விலை வேண்டும் என்பது எங்கள் அமைப்பின் நிலைப்பாடு.

சோதிக்கச் செலவாகும் என்பார்கள். அகச்சிவப்புக் கதிர்க் கருவி பருப்பை அரைக்காமலே ஓரிரு நிமிடத்தில் எண்ணெயை அளந்துவிடும். பால் கூட்டுறவுச் சங்கங்கள் தினமும் கொழுப்பை அளந்துதானே பணம் தருகின்றன? வறட்சியில் எண்ணெய் குறைந்தால் மானாவாரி விவசாயி தண்டிக்கப்படுவாரே என்ற கேள்வி நியாயமானது. அதனால்தான் அடிப்படை விலையில் கை வைக்கக் கூடாது, ஊக்கத்தொகை அதற்கு மேலே வரட்டும் என்கிறோம். மரபணு மாற்றத்துக்கு இது பின்வாசல் என்ற ஐயத்துக்கு இடமில்லை. ஒலிக் அமிலம் 80 சதவீத அளவில் உள்ள, எளிதில் காறாத எண்ணெய் தரும் கிர்னார் 4, கிர்னார் 5 நிலக்கடலை ரகங்கள் ஒட்டுச் சேர்த்தும் மரபணுக் குறியீட்டால் தேர்ந்தெடுத்தும் உருவானவை. ஏலக் களத்தில் அவையும் மற்றக் கடலையோடு கடலையாகவே போகின்றன.

அடுத்த அறுவடைக்குள் முக்கிய நிலக்கடலைச் சந்தைகளில் சோதனைக் கருவியை நிறுவி, சதவீதத்துக்கு இவ்வளவு என ஊக்கத்தொகையை அறிவிக்குமாறு தமிழக வேளாண் விற்பனைத் துறையைக் கேட்டுக்கொள்கிறோம்.