குப்பை அள்ளுற நேரமாய்யா இது?

போன வாரம் டீக்கடையில் நண்பன் ஒருத்தன் (வெப் டெவலப்பர், மத்தபடி நல்லவன்) ஆரம்பிச்சான். "இந்தக் காலத்துலயும் சி-யைக் கட்டிக்கிட்டு மாரடிக்கிறியே! பைத்தான்ல எழுதினா கார்பேஜ் கலெக்டர் எல்லாத்தையும் பாத்துக்குமே? மெமரிதான் சல்லிசா கிடைக்குதே?"

வந்துச்சு பாருங்க கோவம். மெமரி விலையைப் பத்தி யாருய்யா பேசினா? பிரச்சினை நேரம்.

சொந்தக் கதை ஒண்ணு. முன்னாடி இருந்த கம்பெனியில், தேங்காய் எண்ணெயை பாட்டிலில் நிரப்புற மிஷினுக்கு கண்ட்ரோலர் செஞ்சோம். சின்ன ஏஆர்எம் போர்டு, அதில் மைக்ரோபைத்தான். வால்வைத் திற, ஃப்ளோ சென்சர் பல்ஸை எண்ணு, மூடு. அவ்வளவுதான். சீக்கிரம் முடியும்னு பைத்தானைத் தேர்ந்தெடுத்தது சாட்சாத் அடியேன். தண்ணியை வெச்சு பத்து பாட்டில் டெமோ, கைதட்டல் எல்லாம் ஆச்சு. ஆலையில் மாட்டின மறுநாளே அப்பப்ப ஒரு பாட்டில் வழிய ஆரம்பிச்சுது. மிஷின் ஓட்டுற அண்ணன் கேட்டார்: "தம்பி, இதுக்கு நடுநடுவுல மூச்சடைக்குதா?"

ஒரு வாரம் நான் மண்டையை உடைச்சுக்கிட்டதை ஒரே வரியில் சொல்லிட்டார். லூப்புக்குள் நான் போட்ட ஒவ்வொரு தசமக் கணக்கும் ஹீப்பில் ஒரு புது ஆப்ஜெக்ட். ஹீப் நிறைஞ்சதும் கலெக்டர் எல்லா வேலையையும் நிறுத்திட்டு, எது உயிரோட இருக்கு, எது குப்பைன்னு தேடிப் பெருக்கும். வினாடிக்கு 200 மில்லி ஊத்துற வால்வு 15 மில்லிசெகண்ட் லேட்டா மூடினா 3 மில்லி எண்ணெய் மேஜையில்.

"பாட்டிலுக்கு பாட்டில் நீயே கலெக்டரைக் கூப்பிட வேண்டியதுதானே?" கூப்பிட்டோம் சாமி. வழியறது நின்னுச்சு. நாலு நாள் விடாம ஓடினதும் மெமரி எர்ரர்! காலியா இருந்தது 20 கேபி, ரிப்போர்ட்டுக்காக ஒரே துண்டா கேட்டது 2 கேபி. இந்தக் கலெக்டர் குப்பையை அள்ளும், மிச்சமிருக்கிற சாமானை நகர்த்தி இடம் ஒதுக்காது. (நேரத்துக்கு உத்தரவாதம் தர்ற ரியல்டைம் கலெக்டர்களும் உண்டு. அதுக்குக் கூடுதலா ரேமும் சிபியுவும் அழணும். நம்ம போர்டு ஏழை.)

"அப்ப மால்லாக் மட்டும் யோக்கியமா?" இல்லவே இல்லை. அங்கேயும் இதே துண்டு துண்டு கதைதான், கூடவே ஃப்ரீ பண்ண மறந்த லீக். நாசா ஜேபிஎல்லின் ஜெரார்ட் ஹோல்ஸ்மன் 2006-ல் எழுதிய பத்து விதிகளில் ஒண்ணே, ஆரம்ப வேலைகள் முடிஞ்சப்புறம் டைனமிக்கா மெமரி கேக்காதேங்கறதுதான். கார்களுக்குள் ஓடுற சாஃப்ட்வேருக்காகப் பிறந்த மிஸ்ரா சி, 2004 பதிப்பில் ஹீப்பையே தடை பண்ணிருச்சு.

எங்க மிஷினில் நாலு வால்வு, நாலு சென்சர். ராத்திரியோட ராத்திரியா அஞ்சாவது முளைக்கப் போறதில்லை. அப்புறம் ஓடும்போது எதுக்கு மெமரி தேடணும்? எல்லாத்தையும் அளவு நிர்ணயிச்ச அரேயா வெச்சு சி-யில் திருப்பி எழுதினேன். டிஸ்பிளேயும் ரிப்போர்ட்டும் தனி போர்டில், பைத்தானில். அது அரை செகண்ட் தூங்கினா யார் குடி முழுகும்?

நண்பன்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேட்டேன். "உன் கலெக்டர் ஒரு தடவை நிறுத்தினா எத்தனை மில்லிசெகண்ட்? சராசரி வேணாம், அதிகபட்சம் சொல்லு."

இன்னும் பதில் வரலை. டீக்குக் காசும் நான்தான் கொடுத்தேன்.