ஆகாயத்தில் ஒரு மணி

லண்டன் மாநகருக்கும் பாரிஸ் மாநகருக்கும் இடையே நேர்க்கோட்டில் ஏறத்தாழ 340 கிலோமீட்டர் தூரமுண்டு. 1919-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 25-ஆம் நாள் அவ்விரு நகரங்களுக்கும் இடையே நாள்தோறும் செல்லும் ஆகாய விமானப் போக்குவரத்துத் தொடங்கிற்று. அன்றைய விமானம் பறந்து சேர ஏறத்தாழ இரண்டரை மணி நேரம் பிடித்தது. இன்றைய விமானமோ ஒன்றேகால் மணியிற் சேர்ந்துவிடுகிறது. இருந்தும், அவ்வழிப் பிரயாணிகளுள் பெரும்பாலோர் 1994 முதற்கொண்டு கடலடிச் சுரங்கத்தின் வழியே ஓடும் ரயிலையே நாடுகின்றனர். அந்த ரயிலுக்கு இக்காலத்தில் இரண்டேகால் மணி ஆகின்றது. விரைவானதை விட்டு மெதுவானதை ஏன் விரும்பினர்? ரயில் நகரின் நடுவே புறப்பட்டு நடுவே சேர்கின்றது. விமானமோ ஊர்ப்புறத்தே ஏற்றி ஊர்ப்புறத்தே இறக்குகின்றது. பிரயாணமென்பது வீட்டு வாயிலிலே தொடங்குவது என்பதை அவர்கள் கணக்கிட்டறிந்தனர்.

மாணவ நண்பர்களே, இக்கணக்கை நம் ஜில்லாவுக்கும் இட்டுப் பார்ப்போம். தருமபுரியிலிருந்து சென்னைக்கு நேர்க்கோட்டில் ஏறத்தாழ 250 கிலோமீட்டர். சாலை வழியே 300. நமக்கு அண்மையிலுள்ள விமான நிலையம் ஓமலூரை அடுத்த காமலாபுரத்துச் சேலம் விமான நிலையமே. அங்கிருந்து சென்னைக்கு ஆகாயத்தில் ஏறக்குறைய ஒரு மணி நேரந்தான். ஆனால் பென்னாகரத்து மாணவனொருவன் தருமபுரி சேர ஒரு மணி, காமலாபுரம் சேர இன்னுமொரு மணி, சோதனைக்கும் காத்திருப்புக்கும் ஒரு மணிக்கு மேல், மீனம்பாக்கத்தில் இறங்கி நகருக்குட் செல்ல மேலும் ஒரு மணி. ஒரு மணிப் பிரயாணம் ஐந்து மணிக்கு மேலாயிற்று! கட்டணத்தை இங்கே பேசவேண்டுவதில்லை. மேலும், 2018-இல் மீண்டும் தொடங்கிய அவ்விமானம் 2021-இல் நின்று, 2023-இற்றான் மறுபடி பறந்தது. இதனை நம்பித் தேர்வுக்கோ வைத்தியத்துக்கோ எவர் புறப்படுவர்?

மொரப்பூரில் ரயிலேறினாலோ நான்கைந்து மணியிற் சென்னை சேரலாம். தருமபுரியிலும் ரயில் நிலையமுண்டு. அது சேலம்–பெங்களூர்ப் பாதையிலுள்ளது. இவ்விரண்டையும் இணைக்கும் 36 கிலோமீட்டர்ப் பாதையே நமக்கு வேண்டுவது. இது புதிய ஆசையுமன்று. 1906-ஆம் ஆண்டிலேயே மொரப்பூரிலிருந்து தருமபுரிக்குக் குறுகிய ரயில்பாதை அமைந்து, பின்னர் ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலக மகா யுத்த காலத்தில் அது மூடப்பட்டது. 2019-இல் மீண்டும் அடிக்கல் நாட்டினர். அதன்பின் ஆண்டுகள் பல கழிந்துவிட்டன.

இதற்கிடையே 2024-இல், ஓசூரில் 2000 ஏக்கரில், ஆண்டுக்கு மூன்று கோடிப் பிரயாணிகளுக்கென ஒரு விமான நிலையம் அமையுமென்று சட்டசபையில் அறிவிக்கப்பட்டது. அதனை யாம் வெறுக்கவில்லை. வளைகுடா நாடுகளில் உழைத்துத் திரும்பும் நம்மவர் பெங்களூருக்கு வடக்கே தேவனஹள்ளியில் இறங்கி, நகரைக் கடந்து வரும் அலுப்பு அதனாற் குறையும். ஆயினும் எது முன், எது பின் என்பதே எம் வினா. வாரந்தோறும் கூலி வேலைக்குப் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் செல்வோரும், சென்னையிற் படிக்கும் பிள்ளைகளும், பெரிய வைத்தியசாலை தேடும் நோயாளிகளும் எத்தனை பேர்? அவர்களுள் விமானமேறுவோர் எத்தனை பேர்?

பாட்டனார் காலத்தில் மொரப்பூரில் இறங்கியவர் சிறு ரயிலேறித் தருமபுரி சேர்ந்தார். பேரன் இன்று நள்ளிரவில் அதே நிலையத்தில் இறங்கி, டிரங்குப் பெட்டியின்மேல் அமர்ந்து, விடியற்காலைப் பேருந்துக்குக் காத்திருக்கின்றான்.