ஊர்ப் பெயர் யாருடைய சொத்து?

மர வணிகரிடையே ‘ட்ரிங்கோமலி மரம்’ என்றொரு பெயர் வழக்கில் உண்டு. நம் மக்கள் சாவண்டலை என வழங்கும் மரமே அது. இத்துறைமுகத்திலிருந்து சென்னைக்குச் சென்று, அங்கே படகு கட்டப் பயன்பட்டமையால் ஊரின் பெயரே மரத்தின் பெயராயிற்று. ஆயின், மியன்மார்க் காட்டில் வெட்டிய மரமும் அதே பெயரால் விலைபோகலாம், தடுப்பார் இல்லை. புகழ் நம்முடையது, உரிமையோ எவருடையதும் அன்று!

இன்று திருமலைத் துறைமுகத்தைச் சுற்றி நோக்குங்கள். சிங்கப்பூர் நிறுவனமான பிறிமாவின் மா ஆலை ஒருபுறம். 2003 முதல் சீனன்குடா எண்ணெய்க் குதங்களில் இந்தியன் ஒயில் மறுபுறம். யப்பானியரின் கூட்டுடன் இந்நாட்டவர் நிறுவிய சீமெந்து ஆலையும் டோக்கியோ நகரின் பெயரையே தாங்கி நிற்கின்றது. இவற்றை நாம் குறை கூறவில்லை. பெயருக்கு விலை உண்டென்பதை அவர்கள் அறிந்திருக்கின்றார்கள், நாம் அறியவில்லை. இதுவே எமது கவலை.

வியாபாரக் குறியின் காவல் நாட்டெல்லையோடு முடிகின்றது. கொழும்பில் பதிந்த குறிக்கு இலண்டனிலோ ரொறன்ரோவிலோ தானாகப் பாதுகாப்புக் கிட்டாது. சீனம் போன்ற நாடுகளில், முதலில் பயன்படுத்தியவனுக்கன்று, முதலில் விண்ணப்பித்தவனுக்கே பெரும்பாலும் உரிமை. 1883ஆம் ஆண்டின் பாரிஸ் உடன்படிக்கையில் இலங்கை 1952இல் சேர்ந்தது. அதன்படி, இங்கு விண்ணப்பித்து ஆறு மாதங்களுக்குள் பிற உறுப்பு நாடுகளிலும் விண்ணப்பித்தால், முதல் விண்ணப்பத்தின் நாளே அங்கும் கணக்கிற் கொள்ளப்படும். அந்த ஆறு மாதத்தைத் தவறவிடுபவன், தனக்கு முந்தியவனிடம் தன் பெயரையே விலை கொடுத்து வாங்க நேரிடலாம்.

நாடுதோறும் பதிவுக் கட்டணமும் சட்டத்தரணிக்கு ஊதியமும் செலுத்த ஏழை உற்பத்தியாளனால் இயலுமா? ஒரே விண்ணப்பத்தால் பல நாடுகளிற் காவல் கோரும் மட்ரிட் முறையில் 2013இல் இந்தியா இணைந்தபோது, இலங்கை வெளியே நின்றது. ஆயினும் அரசு மனம் வைத்தால் வழி பிறக்கும். 1972இல் நாட்டின் பெயர் மாறிய பின்னும், ‘சிலோன்’ என்ற தேயிலைப் பெயரைத் தேயிலைச் சபை கைவிடவில்லை. தன் சிங்கக் குறியைப் பல நாடுகளிற் பதிந்து காத்தது. 2022 பெப்ரவரியில் சிலோன் கறுவா ஐரோப்பிய ஒன்றியத்திற் புவிசார் குறியீடு பெற்றது. கறுவாவுக்குத் திறந்த கதவு திருமலைக் கருவாட்டுக்குத் திறவாதா?

ஊர்ப் பெயரைத் தனியொரு வணிகன் தனதாக்கிக்கொள்ளுதல் முறையன்று. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம், கூட்டுக் குறிக்கும் சான்றுக் குறிக்கும் இடமளிக்கின்றது. கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் ஒன்றுகூடி, திருகோணமலைப் பெயர் பொறித்த குறியொன்றைத் தம் பெயரிற் பதிவு செய்யட்டும். பொருளைக் கப்பலேற்றுமுன், அது சென்றிறங்கும் நாட்டிற் குறியைப் பதிவதே அறிவுடைமை. அச்செலவில் ஒரு பங்கை ஏற்பது அரசின் கடமை.

ஒன்றை மறத்தல் ஆகாது. குறி என்பது வாங்குவோனுக்கு நாம் அளிக்கும் வாக்கு. மணல் கலந்த கருவாட்டின்மேல் எக்குறியைப் பொறித்தும் பயனில்லை. தரத்தைக் காப்பது நம் பொறுப்பு. பெயரைக் காப்பது நம் உரிமை. சாவண்டலையின் பெயரை நாம் இழந்தது போதும்!