ராயபுரத்துப் பசங்களுக்கு லத்தீன் எதுக்கு?

1856-லேயே ரயில் வந்த ஊர் ராயபுரம். பேர் அதைவிடப் பழைய கதை: ராயப்பர் என்றால் புனித பேதுரு. அவருடைய கூட்டாளி பவுலுக்குத் தமிழ்க் கத்தோலிக்கர் வைத்த பேர் சின்னப்பர். 'பவுலுஸ்' என்றால் லத்தீனில் சின்னது! பேரை அப்படியே தூக்கிட்டு வராம, அர்த்தத்தைப் பிடிச்சுத் தமிழாக்கியிருக்காங்க.

இந்த உறவின் பெரிய புதையல் வீரமாமுனிவருடையது. அன்றைய பேச்சுத் தமிழுக்கு அவர் லத்தீனில் எழுதிய இலக்கணம் 1738-இல் தரங்கம்பாடியில் அச்சானது. குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனுக்குக் கொண்டுபோனவரும் அவரே. (இன்பத்துப்பாலை விட்டுவிட்டார், பாதிரியார்தானே!)

'இலக்கணத்துக்குத்தான் ஆங்கில மொழிபெயர்ப்பு இருக்கே?' இருக்கு, ஆனா போதாது. லத்தீனில் வேற்றுமை ஆறு, தமிழில் எட்டு. எங்கே தமிழை லத்தீன் அச்சில் வார்த்தார், எங்கே தெருவில் கேட்டதை அப்படியே எழுதினார் என்பது மூலத்தைப் படிச்சாதான் பிடிபடும். அதுக்கு ஆறு மாச சர்டிபிகேட் கோர்ஸ் பத்தாது. இலக்கணத்தை முடிச்சு, உரைநடை வாசிச்சு, ரெண்டு பக்கமும் மொழிபெயர்த்துப் பழகணும். சில வருஷ உழைப்பு அது. வேற்றுமை உருபைச் சின்ன வயசிலேயே படிச்ச தமிழ்ப் பசங்களுக்கு அதில் பாதி பயம் போயிடும்.

வேலை கிடைக்குமா? லத்தீனை மட்டும் நம்பினால் கஷ்டம்தான். அதனால்தான் செலவை மாணவர் தலையில் கட்டக் கூடாது. பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகள் சேர்ந்து வருஷத்துக்கு ரெண்டு பேருக்கு ஃபெல்லோஷிப் கொடுக்கட்டும். செமினரியில் சேராத, வெளிநாடு போக வசதியில்லாத பசங்களுக்கு வேற வழி குறைவு. அந்த ரெண்டில் ஒரு இடம், எண்ணூரிலோ திருவொற்றியூரிலோ வீட்டின் முதல் பட்டதாரியாக நிற்கும் ஒருவருக்குப் போகட்டும்.