துணைச் செல்களுக்கும் வயதாகும்



முத்தாபுதுப்பேட்டையிலிருந்து ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார். விமானப்படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வயதானால் மூளை செல்கள் கொத்துக் கொத்தாகச் செத்துப்போகுமாமே, நிஜமா என்று கேட்கிறார்.

ஐயா, அவ்வளவு மோசமில்லை. நரம்பு செல்களைப் பற்றித்தான் எல்லோரும் கவலைப்படுகிறோம். அவற்றைப் பேணும் துணைச் செல்களை யாரும் விசாரிப்பதில்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைத் தெரியும், பந்தி பரிமாறுகிறவரைத் தெரியாது என்கிற கதைதான். சத்து தருவது ஆஸ்ட்ரோசைட். காவலும் துப்புரவும் மைக்ரோகிளியா. நரம்பிழைக்கு மையலின் உறை போர்த்துவது ஆலிகோடெண்ட்ரோசைட்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல, நரம்பியல் நிறுவன ஆய்வாளர்கள் பிரேதப் பரிசோதனையில் கிடைத்த நடுமூளைகளில் இவற்றைப் பார்த்தார்கள். குறிப்பாகப் பார்த்தது, நடுமூளைக்குள் பார்க்கின்சன் நோய் தாக்குகிற, கறுப்பாகத் தெரியும் ஒரு சிறு பகுதியை. அங்குள்ள நரம்பு செல்கள் இந்தியர்களுக்கு வயதோடு குறையவில்லை என்று 2009-லேயே எழுதியிருந்தார்கள். 2015-ல் வந்தது துணைச் செல்களின் கணக்கு. எண்ணிக்கை இரண்டு முறை ஏறுகிறது: கருவிலிருந்து பிறப்பு வரை ஒரு முறை, நடுவயதுக்குப் பிறகு லேசாக இன்னொரு முறை. ஆஸ்ட்ரோசைட்டின் உருவம் மாறுகிறது. மைக்ரோகிளியாவில் அழற்சியின் சாயல் தெரிகிறது. மையலினும் கொஞ்சம் தேய்கிறது. பெரிய சேதத்தை எதிர்பார்த்துப் போனவர்கள் கண்டது சின்னச் சின்ன மாற்றங்களைத்தான். எனக்கு இதுவே பெரிய ஆறுதல்.

2017-ல் லண்டன் விஞ்ஞானிகள் வெளியிட்ட ஆய்வு, 16 முதல் 106 வயது வரையிலான 480 பேரின் மூளைகளில் பத்துப் பகுதிகளை அலசியது. ஒருவரின் வயதைக் கணிக்க நரம்பு செல்களின் மரபணுக்களைவிடத் துணைச் செல்களின் மரபணுக்களே துல்லியமாக உதவினவாம். மூப்பு முதலில் எட்டிப் பார்ப்பது பந்தி பரிமாறுகிறவர்களிடம்தானோ என்னவோ!

இதையெல்லாம் படிக்கையில் வேறொன்றுதான் மனதில் நின்றது. நிம்ஹான்ஸில் 1995 முதல் மூளை வங்கி இருக்கிறது. உறவினர் சம்மதித்தால்தான் அங்கே மூளை வந்து சேரும். இறந்த சில மணி நேரத்துக்குள், வீடே அழுதுகொண்டிருக்கும்போது, அந்தச் சம்மதத்தைக் கேட்கிறார்கள். கருவிலிருந்து பிறப்பு வரை என்று ஆய்வாளர்கள் எழுத வேண்டுமானால், சிசுவைப் பறிகொடுத்த பெற்றோரும் தலையசைத்திருக்க வேண்டும் அல்லவா?

கண் தானம் நம் ஊரில் பழகிவிட்டது. மூளை தானம் பலர் காதுக்கே எட்டவில்லை. அடுத்த இதழில் அதைப் பற்றி விரிவாக எழுதுகிறோம். உங்கள் சந்தேகங்களை இப்போதே அனுப்பிவையுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்